ஐந்தாம் வகுப்புப் பையன்: கணக்கு வரும், ஸ்டேட்மென்ட் கணக்கு வராது. எங்கிருந்து தொடங்குவது?

கயல்_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என் பையன் ஐந்தாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, இங்கிலீஷ் மீடியம். வாய்ப்பாடு எங்கே கேட்டாலும் சொல்வான். மூன்று இலக்கப் பெருக்கல், வகுத்தல் எல்லாம் எண்ணாகக் கொடுத்தால் தப்பில்லாமல் போட்டுவிடுகிறான். அதே எண்களை மூன்று வரிக் கதையாகக் கொடுத்தால் போதும், பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறான். "அம்மா, இது கூட்டலா பெருக்கலா?" இதுதான் கேள்வி, அதுவும் கணக்கை முழுசாகப் படிக்காமலே. நான் வாய் தவறி "பெருக்கல்" என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிஷம் போட்டுவிடுவான். ஒரே படியில் முடிகிற கணக்கை எப்படியாவது ஊகித்துப் போடுகிறான், இரண்டு மூன்று படி வந்தால்தான் நடுவில் எங்கேயோ கழன்றுவிடுகிறது.

நேற்று கொடுத்த கணக்கு: ஒரு வியாபாரி பெட்டிக்கு 24 மாம்பழம் வீதம் 15 பெட்டி வாங்கினார். 36 பழம் அழுகிவிட்டது. மீதியை டஜன் 90 ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு பணம் கிடைக்கும்?

அவன் போட்டது: 24 × 15 = 360. 360 − 36 = 324. 324 × 90 = 29,160.

பெருக்கலில் ஒரு பிழை இல்லை, முதல் இரண்டு படியும் சரி. "ஒரு மாம்பழம் தொண்ணூறு ரூபாயா கண்ணா?" என்றால் "கணக்குல அப்படித்தாம்மா இருக்கு" என்கிறான். இவனேதான் போன வாரம் கடையில் மாம்பழ விலையைக் கேட்டுவிட்டு "வேணாம்மா, ஜாஸ்தி" என்று சொன்னவன்.

பள்ளியில் கேட்டால் நிறைய ஒர்க்‌ஷீட் போடச் சொல்கிறார்கள். ட்யூஷனில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'வீதம்' என்றால் பெருக்கு, 'சமமாக' என்றால் வகு என்று. அதை மனப்பாடம் செய்ததிலிருந்து இவன் கணக்கைப் படிப்பதே குறைந்துவிட்டது, அந்த நாலு வார்த்தையைத் தேடிவிட்டு ஆரம்பித்துவிடுகிறான். இது பயிற்சியால் சரியாகுமா, இல்லை அடிப்படையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? வீட்டில் நான் என்ன செய்யலாம்? கணக்கு ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிலக்கோட்டை டீச்சர்

கயல் மேடம், நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நாலு, அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். உங்கள் பையனிடம் அடிப்படையில் குறை எதுவும் இல்லை. அவன் எண்களை எண்களாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டான், அவ்வளவுதான். 324 என்பது அவனுக்கு வெறும் 324. அது 324 பழம் என்று அவன் கையில் இருந்திருந்தால், டஜன் 90 ரூபாய் என்பதோடு அதை நேராகப் பெருக்கியிருக்க மாட்டான்.

முதலில் அந்த அட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். அது ஒரு படிக் கணக்கில் பாதி நேரம் சரியாக வரும், அதனால்தான் ஆபத்து. இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ராணியிடம் 45 மணி இருக்கிறது, இது மீனாவிடம் இருப்பதைவிட 12 அதிகம், இருவரிடமும் சேர்த்து எத்தனை? 'அதிகம்' என்றதும் பிள்ளைகள் 45 + 12 = 57 என்று போட்டு, 'சேர்த்து' என்பதற்காக மறுபடி கூட்டி 102 என்பார்கள். மீனாவிடம்தானே குறைவு, 33. சேர்த்தால் 78. அட்டையை நம்பினால் இரண்டு படியும் கூட்டல், யோசித்தால் முதல் படி கழித்தல். 'வீதம்' இன்னும் மோசம். "ஆளுக்கு 3 வீதம் 20 பேருக்கு" என்றால் பெருக்கல், "60 மிட்டாயை ஆளுக்கு 3 வீதம் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்" என்றால் வகுத்தல். ஒரே வார்த்தை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் இருக்கிற பழக்கம் இல்லை. பிரான்சில் கிரனோபிள் நகரத்தில் 1980 வாக்கில் கணக்கு ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனுக்கு வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் இருக்கிற எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் யாரும் அறிவு குறைந்தவர்கள் இல்லை. தாளில் கணக்கு என்று இருந்தால் அதற்கு விடை இருந்தே தீரும், கொடுத்த எல்லா எண்ணையும் பயன்படுத்தியே ஆக வேண்டும், சொந்த புத்தியை அங்கே கொண்டுவரக் கூடாது என்று பள்ளிக்கூடம்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. "கணக்குல அப்படித்தாம்மா இருக்கு" என்று உங்கள் பையன் சொன்னதும் அதேதான். கடையில் "ஜாஸ்தி" என்று சொன்ன புத்தி அவனிடம் பத்திரமாக இருக்கிறது, நோட்டைத் திறந்தால் அதை மூடி வைத்துவிடுகிறான்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், லீவு நாளில் பூ மார்க்கெட்டில் அவள் பாட்டியோடு உட்காருவாள். மல்லி கிலோ 800 ரூபாய் என்றால் 350 கிராம் எவ்வளவு என்று கேட்டால் "கால் கிலோ 200, இன்னொரு நூறு கிராம் 80, எரநூத்தி எண்பது டீச்சர், ஐந்நூறு குடுத்தா எரநூத்தி இருபது மீதி" என்று நிற்காமல் வரும். அதையே நோட்டில் எழுதிக் கொடுத்தால் 800ஐயும் 350ஐயும் பெருக்கி 2,80,000 என்று எழுதி வைத்துவிட்டு, சரியா என்று என்னைப் பார்க்கிறாள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இன்னும் சிலர் சேர்ந்து கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்கிற 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அதிலும் இதே கதைதான், கடைக் கணக்கை மனதிலேயே போடுகிற பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறுகிறார்கள், பள்ளிக் கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைகள் கடைக் கணக்கில் திணறுகிறார்கள். இரண்டையும் ஒட்டவைக்கிற வேலையை யாராவது உட்கார்ந்து செய்தால்தான் உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம். முதல் வேலை, எண்களே இல்லாமல் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள், தமிழில். "ஒருத்தர் மாம்பழம் பெட்டி பெட்டியா வாங்கினார், கொஞ்சம் அழுகிப்போச்சு, நல்லதை மட்டும் டஜன் கணக்குல வித்தார், எவ்வளவு காசு வந்துச்சுன்னு கேட்கிறாங்க." இவ்வளவு சொல்லிவிட்டான் என்றால் பாதிக் கணக்கு முடிந்தது. சொல்ல முடியவில்லை என்றால் அவனுக்குக் கணக்கில் தகராறு இல்லை, வாசிப்பில்தான். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகள் பலருக்கு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அப்புறம், கடைசிக் கேள்வியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பல படிக் கணக்கு கஷ்டமாக இருப்பதே நடுவில் இருக்கிற கேள்விகளைக் கணக்கு கேட்காமல் விட்டுவிடுவதால்தான். பணம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அது தெரிய எத்தனை டஜன் விற்றார் என்று தெரிய வேண்டும். அதற்கு நல்ல பழம் எத்தனை, அதற்கு வாங்கியது எத்தனை. இந்த மூன்று கேள்வியும் தாளில் கிடையாது, அவனே கேட்டுக்கொள்ள வேண்டும். விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம், இந்த நடுக்கேள்விகளை மட்டும் எழுது என்று சில நாளைக்கு விடுங்கள். உங்கள் பையன் இரண்டைக் கேட்டுக்கொண்டான், 'எத்தனை டஜன்' என்பதை விட்டுவிட்டான். தப்பு அங்கே மட்டும்தான்.

இன்னொன்று, எந்த எண்ணையும் தனியாக எழுத விடாதீர்கள். 360 பழம், 324 பழம், 27 டஜன், 2,430 ரூபாய். ஒவ்வொரு வரியிலும் பக்கத்தில் பொருளின் பெயர் இருக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

சேலம்_ட்யூஷன்_மாஸ்டர்

டீச்சர் சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்ற பெற்றோர் "அப்போ வாய்ப்பாடும் பயிற்சியும் வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கயல் மேடத்தின் பையனுக்கு வாய்ப்பாடு கையில் இருக்கிறது, அதனால் அவனுக்கு வேறு மருந்து. என்னிடம் வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு 7 × 8 என்ன என்று யோசிப்பதற்குள் கதை மறந்துவிடும். மூன்று படிக் கணக்கில் இரண்டாவது படியை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது எதற்காக இதைக் கண்டுபிடித்தோம் என்பது மனதில் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு முதலில் எண் வேலை சரளமாக வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

ஆனால் ஒர்க்‌ஷீட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பெருக்கல் பாடம் முடிந்ததும் வருகிற பயிற்சியில் பத்து கணக்கு இருந்தால் பத்தும் பெருக்கல்தான். வகுத்தல் பாடத்தில் பத்தும் வகுத்தல். பாடத்தின் தலைப்பே விடையைச் சொல்லிவிடும்போது பிள்ளை எதற்குக் கதையைப் படிக்க வேண்டும்? இரண்டு எண்ணைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கினால் பத்துக்குப் பத்து. மாதக் கடைசியில் எல்லாம் கலந்து வருகிற தேர்வில்தான் குட்டு உடைகிறது, அதுவரைக்கும் பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அதனால் வீட்டில் கொடுக்கும்போது கலந்து கொடுங்கள். ஒரே கதையில் நாலு வகைக் கேள்வி கேட்கலாம், "15 பெட்டி, பெட்டிக்கு 24" என்பதை வைத்து மொத்தம் எத்தனை, 360 பழத்துக்கு எத்தனை பெட்டி, 5 பெட்டி விற்றபின் எத்தனை பழம் இருக்கும், ஒரு பெட்டிக்கு 2 பழம் குறைந்தால் மொத்தத்தில் எத்தனை குறையும் என்று.

தேவையில்லாத எண் இருக்கிற கணக்கும் அவ்வப்போது கொடுக்க வேண்டும். "கடைக்கு 8 கிலோமீட்டர் போய் 5 பேனா தலா 12 ரூபாய்க்கு வாங்கினான், 100 ரூபாய் கொடுத்தான், மீதி எவ்வளவு?" 8ஐ எங்கேயாவது நுழைத்துவிடுகிற பிள்ளை எத்தனை பேர் என்று பாருங்கள். அப்படியே ஒரு எண் குறைகிற கணக்கும் கொடுத்து, "இதைப் போட முடியாது, இன்னின்ன தெரிய வேண்டும்" என்று சொல்லும் தைரியத்தை வளர்க்க வேண்டும். "போட முடியாது" என்று சொன்ன பிள்ளையைப் பாராட்டுங்கள்.

அப்புறம் அட்டை பற்றி. என் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் அதை அதிகம் கொடுக்கிறார்கள், பெற்றோர் உடனே மார்க் கேட்பதால் கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் மார்க் வரும், அதே அட்டைதான் ஐந்தாம் வகுப்பில் காலை வாரும்.

உட்லண்ட்ஸ்_அப்பா

சகோதரி, நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், மகள் தொடக்கநிலை ஐந்து. இங்கே பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கணக்குக்குப் பட்டை வரைந்து போடக் கற்றுத் தருகிறார்கள். 1980களில் இங்குள்ள கல்வி அமைச்சு கொண்டுவந்த முறை இது, இன்றைக்கும் பள்ளிகளில் இதுதான். நம் ஊரில் நாம் எக்ஸ் ஒய் வைத்து எட்டாம் வகுப்பில் போட்டதை இங்கே பத்து வயதில் படமாகப் போட்டுவிடுகிறார்கள். உதாரணத்துக்கு: அண்ணனிடம் தம்பியைப் போல் 3 மடங்கு பணம். அண்ணன் தம்பிக்கு 40 ரூபாய் கொடுத்ததும் இருவரிடமும் சமம். முதலில் யாரிடம் எவ்வளவு?

அண்ணன் ■■■
தம்பி ■

பார்த்தாலே தெரிகிறது, அண்ணன் ஒரு கட்டத்தைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்தால் இரண்டு இரண்டு ஆகிவிடும். அந்த ஒரு கட்டம்தான் 40. அப்படியென்றால் அண்ணன் 120, தம்பி 40. கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழவில்லை பாருங்கள். டீச்சர் சொன்ன ராணி, மீனா கணக்குக்கும் இதேதான், ராணிக்கு நீளப் பட்டை, மீனாவுக்கு அதைவிட 12 குறைந்த பட்டை. யாருக்கு நீளம் என்று வரையும் இடத்தில் பிள்ளை நின்று யோசித்தே ஆக வேண்டும்.

இதிலும் கஷ்டமான கணக்குகள் வரும். இங்கே ஆறாம் ஆண்டு முடிவில் பிஎஸ்எல்இ தேர்வு. 2021இல் அதில் வந்த ஒரு கணக்குக்கு ஊரே கொந்தளித்தது. ஹெலன், ஐவன் இருவரிடமும் ஒரே எண்ணிக்கை நாணயங்கள். ஹெலனிடம் 20 காசு நாணயம் 64, மீதியெல்லாம் 50 காசு, எல்லாம் சேர்த்து 1.134 கிலோ எடை. ஐவனிடம் 20 காசு நாணயம் 104, மீதி 50 காசு. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு நாணயம் 20 காசை விட 2.7 கிராம் கனம் என்றால் ஐவனின் நாணயங்கள் எத்தனை கிலோ?

பெற்றோர் பலரும் 50 காசு எத்தனை என்று தெரியாமல் எப்படிப் போடுவது என்று அதிலேயே முட்டிக்கொண்டார்கள். அது தேவையே இல்லை. எண்ணிக்கை சமம், ஐவனிடம் 20 காசு 40 கூடுதல், ஆகவே ஹெலனிடம் 50 காசு 40 கூடுதல். மற்ற நாணயம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதை மறந்துவிடலாம். 40 நாணயம், ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம், 12 வெள்ளி (இங்கே டாலரை வெள்ளி என்போம், 100 காசு ஒரு வெள்ளி). ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம். எடை 40 × 2.7 = 108 கிராம் குறையும், 1.134லிருந்து 0.108 போனால் 1.026 கிலோ. கணக்கில் இருக்கிற வேலை எல்லாம் நாலாம் வகுப்பு வேலை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிவதுதான் கணக்கு.

ஆனால் ஒன்று, பட்டை முறையையும் சடங்காக்கிவிட முடியும். இங்கே துணைப்பாட வகுப்புகளில் இந்த வகைக் கணக்குக்கு இந்தப் படம் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், புதுசாக ஒன்று வந்தால் பிள்ளை மறுபடி முழிக்கும். படத்தை அவனே வரையட்டும், கோணலாக இருந்தால் பரவாயில்லை. நீங்கள் வரைந்து கொடுத்தால் நீங்கள் போட்ட கணக்குதான் அது.

இரண்டு_வாலுங்க_அம்மா

நான் டீச்சர் எல்லாம் இல்லை. என் பெரியவளுக்கு இதே பிரச்சினை இருந்தது. கணக்கை வரிவரியாக ஒரு அட்டையால் மூடி வைத்து, முதல் வரியை மட்டும் காட்டி "இப்போ என்ன தெரியும்?" என்று கேட்பேன். அடுத்த வரியைத் திறந்தால் "இதை வைச்சு என்ன கண்டுபிடிக்கலாம்?" கடைசி வரி, அதாவது கேள்வி, வரும்போது அவளே பாதியைக் கண்டுபிடித்து வைத்திருப்பாள். சில நேரம் கேள்வி என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள், அது சரியாகவும் இருக்கும். எண்ணைத் தேடிக் கண் ஓடுவது இதில் நின்றது. கணக்கைப் படிக்கச் சொன்னால் முன்னெல்லாம் எண்களை மட்டும்தான் பார்ப்பாள், நடுவில் இருக்கிற எழுத்து அவள் கண்ணிலேயே படாது.

கயல்_மதுரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அட்டை பீரோவுக்குள் போய்விட்டது. எண் இல்லாமல் கதை சொல்லச் சொன்னேன், முதலில் "எண் இல்லாம எப்படிம்மா கணக்கு?" என்று சண்டை, அப்புறம் சொன்னான். மாம்பழக் கணக்கில் டஜன் வரும் இடத்தில் தானாகவே நின்றான். "டஜன்னா பன்னெண்டு, அப்போ முதல்ல கட்டு கட்டணும்" என்றான். அவன் சொன்ன 'கட்டு கட்டணும்' என்பதுதான் வகுத்தல் என்று நான் சொல்லவே இல்லை, அவனே 324ஐ 12ஆல் வகுத்து 27 போட்டான். ராணி மீனா கணக்கில் அப்படியே 102. பட்டை வரையச் சொன்னதும் மீனாவுக்கு நீளமாக வரைந்துவிட்டு, மறுபடி கணக்கைப் படித்துவிட்டு, அழித்தான். அந்த அழிப்பைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

இப்போது வேறொரு இடத்தில் நிற்கிறோம். பள்ளிச் சுற்றுலாவுக்கு 215 பிள்ளைகள், ஒரு வேனில் 18 பேர், எத்தனை வேன் வேண்டும் என்ற கணக்கு. அவன் எழுதிய விடை: "11 வேன், மீதி 17." மீதி 17 என்னப்பா என்றால் "மீதிதான்" என்கிறான். பள்ளியில் ஈவு, மீதி என்று எழுதச் சொல்லித்தானே பழக்கியிருக்கிறார்கள், இதை எப்படிப் புரியவைப்பது?

நிலக்கோட்டை டீச்சர்

அந்த 17 யார் என்று கேளுங்கள் மேடம். 'மீதி 17 பிள்ளைகள்' என்று பக்கத்தில் பெயரை எழுதச் சொன்னாலே அவனுக்கு உறைக்கும், பதினேழு பேரை விட்டுவிட்டா போவார்கள்?

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்க நடந்த தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 பேர் போகலாம், 1,128 வீரர்கள் போக எத்தனை பேருந்து வேண்டும்? நூற்றுக்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 32 என்ற சரியான விடையைச் சொன்னவர்கள் 23 பேர்தான். 29 பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள், 18 பேர் வெறும் 31 என்றார்கள். வகுக்கத் தெரிந்த பிள்ளைகளிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேர் கடைசியில் ஒரு நிமிஷம் பேருந்தை நினைத்துப் பார்க்கவில்லை. 13 வயதில் அப்படியென்றால் உங்கள் பையனுக்கு நேரம் இருக்கிறது.

நான் வகுப்பில் செய்வது, ஒரே வகுத்தலை வைத்து மூன்று கேள்வி கேட்பேன். 215 லட்டு, ஒரு பெட்டியில் 18 வைக்கலாம். எத்தனை பெட்டி முழுசாக நிறையும்? 11. எத்தனை லட்டு மிஞ்சும்? 17. எல்லா லட்டையும் வைக்க எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? 12. வகுத்தல் ஒன்று, விடை மூன்று. கேள்வியைப் படிக்காமல் இதில் தப்பிக்கவே முடியாது. நாலாவதாக, 215 ரூபாயை 18 பேருக்குச் சமமாகப் பிரித்தால் என்று கேட்டுவிட்டால் மீதியையும் காசாக உடைக்க வேண்டிவரும், அதை இன்னும் கொஞ்ச நாள் கழித்துக் கொடுங்கள்.

முடிந்தால் அவனையே கணக்கு எழுதச் சொல்லுங்கள். "27 × 90 வருகிற மாதிரி ஒரு கதை எழுது", "முதலில் கழித்து அப்புறம் வகுக்கிற மாதிரி ஒன்று எழுது" என்று. இதில் பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது உடனே வெளியே வந்துவிடும். என் வகுப்பில் ஒருவன் "ஒரு மாட்டுக்கு 90 கால்" என்று எழுதிக் கொண்டுவந்தான், அவனோடு உட்கார்ந்து பேச வேண்டியது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சேலம்_ட்யூஷன்_மாஸ்டர்

கதை எழுதச் சொல்வது நல்ல யோசனை டீச்சர், நானும் எடுத்துக்கொள்கிறேன். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டை படம், பின்னோக்கி யோசிப்பது எல்லாம் சரி, தாளில் எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். படத்தை வலது ஓரத்தில் சின்னதாகப் போடட்டும், தீர்வு என்று எழுதிவிட்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. எல்லாவற்றையும் ஒரே வரியில் சமக்குறி போட்டுப் போட்டு நீட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, 24 × 15 = 360 − 36 = 324 என்று. இது தப்பு, 24 × 15 என்பது 324க்குச் சமம் இல்லை. மார்க் குறைப்பவர்களும் உண்டு, குறைக்காவிட்டாலும் பிற்பாடு இயற்கணிதத்தில் இது பெரிய தலைவலியாகும்.

கயல்_மதுரை

அதேதான் சார், இவனும் அப்படித்தான் நீட்டுகிறான். ஒரு கணக்கை முழுசாக எழுதிக் காட்ட முடியுமா? பார்த்து எழுத ஒரு மாதிரி இருந்தால் உதவியாக இருக்கும்.

நிலக்கோட்டை டீச்சர்

இதைக் கொடுங்கள், மாம்பழத்தை விட ஒரு படி கூடுதல். ஒரு வீட்டில் தினமும் 2.5 லிட்டர் பால் வாங்குகிறார்கள். லிட்டர் 44 ரூபாய். ஜூன் மாதத்தில் 4 நாள் ஊருக்குப் போனதால் வாங்கவில்லை. மாதக் கடைசியில் 3,000 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு கிடைக்கும்?

கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஜூனில் எத்தனை நாள் என்பது கணக்கில் இல்லை, அவனாகக் கேட்கிறானா என்று பாருங்கள். கேட்டான் என்றால் நடுக்கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காமல் 4ஐ 2.5ஆல் பெருக்கினான் என்றால் திட்ட வேண்டாம், "அந்த 10 என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "வாங்காத பால்" என்று அவனே சொல்வான். அதுவும் நல்ல வழிதான், முழு மாதத்துக்கு 75 லிட்டர், அதில் 10 கழித்தால் 65 என்று போகலாம். எந்த வழியில் போனாலும் மார்க் கொடுக்க வேண்டும், கொடுப்போம்.

எழுத வேண்டியது இப்படி:

ஜூன் மாத நாட்கள் = 30
பால் வாங்கிய நாட்கள் = 30 − 4 = 26 நாட்கள்
வாங்கிய பால் = 26 × 2.5 = 65 லிட்டர்
பாலின் விலை = 65 × 44 = 2,860 ரூபாய்
மீதி = 3,000 − 2,860 = 140 ரூபாய்

இடது பக்கம் இருக்கிற வார்த்தைகளை முதலில் எழுதிவிட்டு அப்புறம் எண்களைப் போடச் சொல்லுங்கள். ஐந்து வரியையும் எண் இல்லாமல் எழுத முடிந்தால், மிச்சம் இருப்பது அவனுக்கு ஏற்கனவே நன்றாக வருகிற வேலைதான். சார் சொன்ன சமக்குறித் தகராறும் இதில் வராது, ஒரு வரிக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது. தினமும் ஒரே ஒரு கணக்கு போதும் மேடம், இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கக் கலக்கத்தில் வேண்டாம்.